கண் சொன்ன பொய்

ஏழைக்குச் சொத்து என்ன? வீடா? அது வாடகை வீடு. நிலமா? வாசல் தொட்டியில் இருக்கும் மண்கூட அவனுடையதன்று. பாங்கியில் பணமா? பணம் இல்லை, கடன் சீட்டு உண்டு! இவையெல்லாம் போக அவனிடம் எஞ்சி நிற்பது ஒன்றே ஒன்று. "அவனா? யோக்கியன் ஐயா!" என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் அந்த ஒரு சொல். அதைக் கட்டிக் காப்பதற்காகத்தான் அவன் பசித்தாலும் பிறர் பொருளைத் தொடுவதில்லை. கடன் கேட்டாலும் தலைகுனிந்து கேட்கிறான். தவணை தவறினால் இரவெல்லாம் உறங்காமல் புரளுகிறான்.

அந்த ஒரு சொல்லை, ஒருவரும் சதி செய்யாமல், ஒருவரும் பகை கொள்ளாமல், ஒரே மாலைப்பொழுதில் அவனிடமிருந்து பறித்துவிட முடியுமா?

முடியும் என்று காட்டிய படம் ஒன்று உண்டு. 1956ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த 'தி ராங் மேன்'. 'ஆள் மாறிப்போனான்' என்று நம் வழக்கில் சொல்லலாம். எடுத்தவர் ஆல்பிரட் ஹிட்ச்காக். மர்மப் படம் என்றாலே உலகம் முழுவதும் நினைவுக்கு வரும் பெயர் அது. கொலை, கொள்ளை, துரத்தல், திகில் இவற்றைக் காட்டி மக்களை இருக்கை நுனியில் உட்காரவைத்த வித்தகர். ஆனால் இந்தப் படத்தில் துரத்தல் இல்லை. துப்பாக்கிச் சண்டை இல்லை. அழகியின் ஆடலும் இல்லை. இருந்தும் அவர் எடுத்த படங்களிலேயே நெஞ்சை அதிகம் நடுங்கவைப்பது எது என்று கேட்டால், உழைப்பாளி ஒருவன் இதைத்தான் சொல்வான். காரணம், இதில் வருபவன் அவனே!

தம் படங்களில் எங்கேனும் ஒரு மூலையில் தலைகாட்டி மறைவது ஹிட்ச்காக்கின் வழக்கம். கூட்டத்தில் ஒருவராக நடந்து போவார். ரசிகர்கள் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். இந்தப் படத்தில் அந்த விளையாட்டு கிடையாது. தொடக்கத்திலேயே, நீண்ட நிழல் விழும் இருட்டில் தனியே நின்று, இது முழுக்க உண்மைக் கதை என்று மக்களிடம் நேரே சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறார்.

உண்மைதான். கிறிஸ்டபர் இமானுவேல் பாலெஸ்ட்ரெரோ என்பது அந்த மனிதனின் பெயர். வீட்டாரும் நண்பர்களும் 'மானி' என்று அழைத்தனர். மானி என்றால் தமிழில் மானமுடையவன். பெயர் பொருந்தத்தான் செய்கிறது. அவனை 'அவர்' என்று எழுத மனம் வரவில்லை. நம் தெருவில், நம் பட்டறையில், நம்மோடு சேர்ந்து டீ குடிக்கும் ஒருவனாகவே அவன் தோன்றுகிறான்.

நியூயார்க் நகரில் 'ஸ்டார்க் கிளப்' என்று ஒரு களியாட்ட விடுதி. சீமான்களும் சினிமா நட்சத்திரங்களும் இரவெல்லாம் கூடிக் குடித்துக் கும்மாளமிடும் இடம். அங்கே வாத்தியக் கோஷ்டியில் பெரிய பாஸ் வாத்தியம் வாசிப்பவன் மானி. சீமான்கள் ஆடுவதற்கு இவன் வாசிக்க வேண்டும். அவர்கள் ஓயும்வரை இவன் ஓயக்கூடாது. விடியற்காலையில் சுரங்க ரயில் ஏறி, குவீன்ஸ் பகுதியில் ஜாக்ஸன் ஹைட்ஸில் உள்ள தன் சிறு வீட்டுக்குத் திரும்புவான். வாரத்துக்கு 85 டாலர் கூலி என்று படம் சொல்லுகிறது. மனைவி ரோஸ், இரண்டு பையன்கள். குடியில்லை, கூத்தில்லை. வேலைக்குப் போவதும் வீட்டுக்கு வருவதுமே வாழ்க்கை.

ரோஸுக்குப் பல்வலி. கடைவாய்ப் பற்களை எடுக்க வேண்டும். 300 டாலர் ஆகும் என்கிறார் மருத்துவர். கையிலோ காசில்லை. அவள் பெயரில் இருக்கும் இன்ஷூரன்ஸ் பாலிசியின்மேல் கடன் வாங்கலாமே என்று எண்ணிக் கம்பெனி அலுவலகத்துக்குப் போகிறான். உழைப்பவன் வீட்டில் பல்வலிகூடக் கடனில்தான் தீரவேண்டும். அமெரிக்காவானாலும் அதே விதி!

அங்கேதான் அவன் வாழ்க்கை இடறியது. 1952 ஜூலையிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை அந்த அலுவலகத்தில் ஒருவன் புகுந்து, மிரட்டல் சீட்டைக் காட்டிப் பணம் பறித்துச் சென்றிருந்தான். இரண்டு முறையும் சேர்த்து 300 டாலர்கூடத் தேறாத தொகை. ஆனால் அந்த அச்சம் அங்கே வேலை பார்த்த பெண்களின் நெஞ்சில் ஆணியடித்தாற்போல் பதிந்து கிடந்தது. மானி கம்பிக்கு எதிரே வந்து நிற்கிறான். பாலிசியை எடுக்கக் கோட்டின் உள்பைக்குள் கைவிடுகிறான். கம்பிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. "அவனேதான்!" என்று தோழியின் காதில் சொல்கிறாள். தோழி எட்டிப் பார்க்கிறாள். ஆம், அவனேதான்! மூன்றாமவள் பார்க்கிறாள். அவளுக்கும் அப்படியே படுகிறது.

1953 ஜனவரி 14ஆம் நாள் மாலை. வீட்டுக் கதவில் சாவியை நுழைக்கப்போன மானியை யாரோ பெயர் சொல்லி அழைக்கிறார்கள். திரும்பினான், போலீசார். "கொஞ்சம் வந்து போங்கள்" என்கிறார்கள். உள்ளே மனைவி காத்திருக்கிறாள். சொல்லிவிட்டு வருகிறேனே என்கிறான். வேண்டாம் என்கிறார்கள். அடுப்பில் சோறு, வாசலில் புருஷன், நடுவே ஒரு கதவு. கதவு திறக்கவில்லை, கார் புறப்பட்டுவிட்டது.

தோழர்களே, இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் போலீசார் அடிக்கவில்லை. உதைக்கவில்லை. ஒரு வசைச்சொல்கூட இல்லை. குற்றமற்றவனுக்கு என்ன பயம் என்று அன்பாகத்தான் சொல்லுகிறார்கள். அந்த அன்புதான் பயங்கரம்! அடித்தால் கத்தலாம், அநியாயம் என்று ஊரைக் கூட்டலாம். மரியாதையாகப் பேசிக்கொண்டே கழுத்தில் சுருக்கை மாட்டுகிறவனிடம் என்னவென்று சொல்லிக் கத்துவது?

முன்பு கொள்ளை போன கடைகளுக்கு அவனைக் கூட்டிச் செல்கிறார்கள். ஒவ்வொரு கடையிலும் உள்ளே போய் நடந்து, திரும்பி வரச் சொல்லுகிறார்கள். கடைக்காரர் பார்க்கவேண்டுமாம்! போலீசார் கொண்டுவந்து நிறுத்தி, "இவன் நடப்பதைப் பாரும்" என்றால், எந்தக் கடைக்காரனுக்கு அவன் சாது என்று தோன்றும்? பின்பு ஸ்டேஷனில் உட்காரவைத்து, கொள்ளைக்காரன் காட்டிய சீட்டின் வாசகத்தைச் சொல்லி எழுதச் செய்கிறார்கள். மறுமுறையும் எழுதச் செய்கிறார்கள். மேஜை இழுப்பறைக்கு ஆங்கிலத்தில் 'டிராயர்'. கொள்ளைக்காரன் கடைசி எழுத்துகளை விட்டு 'டிரா' என்று பிழையாக எழுதியிருந்தான். கைநடுங்க எழுதிய மானியும் அதே பிழையைச் செய்துவிட்டான்!

அவ்வளவுதான். அதற்குப்பின் அவனைப்பற்றிய எல்லாமே குற்றத்துக்குச் சாட்சியாக மாறிவிடுகின்றன. கடன் உண்டா? உண்டு. ஆகவே பணத்தேவை இருந்தது! குதிரைப் பந்தயப் பக்கம் படிப்பது உண்டா? ரயிலில் பொழுதுபோக்காகப் பார்ப்பது உண்டு. ஆகவே சூதாடி! இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு முன்பே போனது உண்டா? உண்டு. ஆகவே இடம் அறிந்தவன்! நேற்றுவரை ஏழ்மையாக இருந்தது இன்று நோக்கமாகிவிட்டது. சந்தேகம் என்பது மஞ்சள் காமாலை. அது வந்தபின் பார்ப்பதெல்லாம் மஞ்சள். கண்ணில் நோய் என்று வைத்தியனுக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது.

"அந்தப் பெண்கள் பொய் சொன்னார்களா?" என்று கேட்கத் தோன்றும். இல்லை. அதுதான் இந்த வழக்கின் வேதனை. பணத்துக்காகவோ பகைக்காகவோ அவர்கள் சாட்சி சொல்லவில்லை. அவர்கள் பயந்தது மெய், பார்த்ததுதான் பொய்!

மனிதனின் நினைவு, பெட்டியில் வைத்துப் பூட்டிய புகைப்படம் போன்றது என்று நாம் எண்ணுகிறோம். எடுக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் மாறுகிறது என்பது விஞ்ஞானம் கண்ட முடிவு. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கார்கள் மோதும் படத்தை மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, "கார்கள் மோதியபோது என்ன வேகம்?" என்று சிலரையும், "கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்று சிலரையும் கேட்டார்கள். பார்த்தது ஒரே படம். மாறியது கேள்வியில் ஒரு சொல். 'நொறுங்க' என்ற சொல்லைக் கேட்டவர்கள் அதிக வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, "கண்ணாடி உடைந்து கிடந்ததா?" என்று கேட்டபோது, அந்தச் சொல்லைக் கேட்டவர்களில் அதிகம்பேர் ஆமென்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது! ஒரு சொல்லே இல்லாத கண்ணாடியை உடைத்துக் காட்டும் என்றால், போலீசார் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி "இவனா?" என்று கேட்பது எத்தனை கண்ணாடிகளை உடைக்கும்!

அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனை வந்தபின், பல்லாண்டு சிறையில் கிடந்தவர்கள் நிரபராதிகள் என்று மெய்ப்பிக்கப்பட்டு வெளியே வந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோரைச் சிறைக்கு அனுப்பிய காரணங்களில் ஒன்று, கண்ணால் கண்ட சாட்சியின் பிழை. பொய்ச் சாட்சியை வக்கீல் குறுக்கு விசாரணையில் மடக்கலாம். தான் சொல்வது உண்மை என்று மனமார நம்பிக்கொண்டு பொய்யைச் சொல்லும் நல்ல மனிதரை எப்படி மடக்குவது?

தமிழனுக்கு இது புதிய கதையா? கோவலன் கையில் இருந்தது அரசியின் சிலம்பைப் போலவே இருந்தது. 'போலவே' என்ற அந்த ஒரு சொல்தான் அவனைக் கொன்றது. பொற்கொல்லன் வஞ்சகன், அது வேறு. ஆனால் அரியணையில் இருந்த மன்னன் வஞ்சகனல்லவே! விசாரிக்கவில்லை, அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். உடைத்துப் பார்த்தால் முத்தா மாணிக்கமா என்று தெரிந்திருக்கும். உடைத்துப் பார்க்கும் வேலையைக் கைம்பெண்ணாகி வந்த கண்ணகிதான் செய்ய வேண்டியிருந்தது. மதுரையில் ஒரு சிலம்பைப் போல இன்னொரு சிலம்பு. நியூயார்க்கில் ஒரு முகத்தைப் போல இன்னொரு முகம்.

மானியை வரிசையில் நிறுத்தினார்கள். பெண்கள் அடையாளம் காட்டினார்கள். கைரேகை எடுத்தார்கள். கொட்டடியில் அடைத்தார்கள். மறுநாள் மற்றக் கைதிகளோடு விலங்கு பூட்டி அழைத்துப் போகிறார்கள். அப்போது ஹிட்ச்காக் முகங்களைக் காட்டாமல் காலணிகளைக் காட்டுகிறார். ஏன்? மானியால் நிமிர்ந்து எவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. குற்றம் செய்தவன் நிமிர்ந்து நடக்கிறான், செய்யாதவன் தலைகுனிகிறான். அந்தக் குனிவையும் ஊர் எப்படிப் படிக்கும்? "பார், வெட்கப்படுகிறான், குற்றவாளிதான்!"

ஹிட்ச்காக்குக்கு இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? லண்டனில் 1899இல் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு மகனாகப் பிறந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது தகப்பனார் ஒரு சீட்டெழுதிக் கொடுத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினாராம். சீட்டைப் படித்த அதிகாரி, சிறுவனைச் சில நிமிடங்கள் கொட்டடியில் பூட்டிவைத்தாராம். ஏன் என்று அந்தச் சிறுவனுக்குத் தெரியாது. இதை அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொள்ளும் மனிதன் அவருடைய படங்களில் மீண்டும் மீண்டும் வருகிறான். மற்றப் படங்களில் அவன் ஓடுகிறான், ஒளிகிறான், குற்றவாளியைத் தேடிப் பிடிக்கிறான். மானியோ ஓடவில்லை. எங்கே ஓடுவான்? மனைவி, மக்கள், மாத வாடகை! ஓடுவதற்கும் வசதி வேண்டுமல்லவா?

உறவினர்கள் ஜாமீன் தொகை திரட்டி அவனை வெளியே கொண்டுவந்தார்கள். பின்பு வக்கீல் தேடவேண்டும். பிராங்க் ஓ'கானர் என்ற வக்கீல் முன்வந்தார். பிற்காலத்தில் குவீன்ஸ் மாவட்ட அரசு வழக்கறிஞராகி, 1966இல் நியூயார்க் மாநில கவர்னர் பதவிக்கே போட்டியிட்டவர் அவர். "கொள்ளை நடந்த நாளில் நீ எங்கே இருந்தாய்? நிரூபி" என்றார். ஜூலையில் குடும்பத்தோடு வெளியூர் விடுதியில் இருந்தான். அங்கே சிலரோடு சீட்டாடினான். அவர்களைத் தேடிப் புருஷனும் மனைவியும் அலைகிறார்கள். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டினால், அவரும் இறந்துவிட்டார் என்கிறார்கள். சீமானாக இருந்தால், சென்ற ஆண்டு எந்தத் தேதியில் எங்கே விருந்துண்டான் என்பதைக் காரியதரிசி குறித்து வைத்திருப்பான். கூலிக்காரனின் நாட்களைக் குறித்து வைப்பவர் யார்?

இனி ரோஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வீரா மைல்ஸ் என்ற நடிகை அந்தப் பாத்திரத்தில் வாழ்ந்திருக்கிறார். இரண்டாம் சாட்சியும் செத்துப்போனான் என்று கேட்டதும் அவள் அழவில்லை, சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டவன் லேசில் மறக்கமாட்டான். அன்றுமுதல் அவள் மனத்தில் ஒரே எண்ணம் சுழல்கிறது. எனக்குப் பல்வலி வந்ததால்தானே அவர் கடன் கேட்கப் போனார்? போனதால்தானே பிடிபட்டார்? ஆகவே குற்றவாளி நானே! உறக்கம் போகிறது, உணவு போகிறது. கதவுகளைப் பூட்டிவிடுவோம், யாரையும் உள்ளே விடவேண்டாம் என்கிறாள். ஒரு கட்டத்தில் கணவனையே சந்தேகிக்கிறாள். நீர் செய்யவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறாள்! கையிலிருந்த தலைவாரும் பிரஷ்ஷால் அவனை அடிக்கிறாள். கண்ணாடி விரிகிறது. விரிந்த கண்ணாடியில் மானியின் முகம் இரண்டாகத் தெரிகிறது.

மனநல விடுதியில் சேர்த்தார்கள். கண்ணகியின் தீ வெளியே எரிந்தது. ஒரு நகரம் சாம்பலானது. ரோஸின் தீ உள்ளே எரிந்தது. அவள் ஒருத்தி சாம்பலானாள். நகரமோ வழக்கம்போல் விளக்கேற்றிக்கொண்டு, ஸ்டார்க் கிளப்பில் நடனமாடிக்கொண்டிருந்தது.

1953 ஏப்ரலில் விசாரணை. ஒருவன் உயிர் ஊசலாடும் அந்த மண்டபத்தைக் காமிரா சுற்றிப் பார்க்கிறது. சிலர் குசுகுசுவென்று பேசுகிறார்கள். சிலர் கொட்டாவி விடுகிறார்கள். அவர்களுக்கு அது இன்னொரு செவ்வாய், இன்னொரு புதன். ஓ'கானர் சாட்சியைத் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஜூரர் ஒருவர் எழுந்து, இதையெல்லாம் நாங்கள் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டுமா என்று நீதிபதியிடம் சலித்துக்கொள்கிறார். அவர் முன்பே தீர்மானித்துவிட்டார்! விசாரணை செல்லாமற்போயிற்று, மறுவிசாரணைக்கு நாள் குறிக்க வேண்டும். மீண்டும் அதே கூண்டு, அதே கேள்விகள், அதே செலவு.

இங்கே படம் ஒரு காட்சியை வைக்கிறது. அதைப் பகுத்தறிவுள்ளவன் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தாயார் மகனைப் பார்த்து, பிரார்த்தனை செய் என்கிறாள். மானி ஏசுநாதர் படத்தின் முன் நின்று உதடு அசைக்கிறான். அவன் முகத்தின்மேலேயே இன்னொரு முகம், தெருவில் நடந்துவரும் ஒருவன் முகம், மெல்ல மெல்ல வந்து பொருந்துகிறது. அவன்தான் உண்மைக் கொள்ளைக்காரன். பிரார்த்தனைக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று அரங்கில் சிலர் கண்ணீர் விட்டிருப்பார்கள்.

ஆனால் அடுத்து நடப்பது என்ன? அந்தக் கொள்ளைக்காரன் ஒரு சிறு மளிகைக் கடையில் புகுந்து மிரட்டுகிறான். கடைக்காரி அஞ்சவில்லை. கையில் கத்தியைப் பற்றியபடி, காலால் தரையைத் தட்டிக் கீழறையில் இருந்த கணவனை அழைக்கிறாள். கணவன் வந்து மடக்கிப் பிடிக்கிறான். ஸ்டேஷனுக்குக் கொண்டு வருகிறார்கள். முன்பு மானியை விசாரித்த அதிகாரி ஒருவர் நடைவழியில் எதிர்ப்பட்டு, கடந்து போனவர், ஏதோ உறுத்த, நின்று திரும்புகிறார். அந்தத் திரும்புதல்தான் மானியின் விடுதலை! காப்பாற்றியது வானமா? வானம் காப்பாற்றுவதாக இருந்தால் ரோஸின் பல்வலிக்கு முன்பே காப்பாற்றியிருக்கலாமே! காப்பாற்றியவர்கள் இருவர்: தன் கடையைத் தானே காத்த ஓர் உழைக்கும் பெண், "நாம் பிடித்தவன் தவறோ?" என்று ஒரு கணம் தன்னையே சந்தேகித்த ஓர் அதிகாரி. தைரியம் ஒன்று, ஐயம் ஒன்று. இரண்டும் மனிதனிடம் இருப்பவை.

அதே பெண்கள் மீண்டும் வருகிறார்கள். புதியவனைப் பார்த்து "இவன்தான்" என்கிறார்கள். முன்பும் அதே உறுதி. இப்போதும் அதே உறுதி! வெளியே வரும்போது மானி எதிரே நிற்கிறான். அவர்கள் அவனைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். கொள்ளைக்காரனை நேரே கண்ட மானி, பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சிறையைப் பற்றிக் கேட்கவில்லை. என் மனைவிக்கு நீ என்ன செய்தாய், தெரியுமா என்று கேட்கிறான். விடுதலைச் செய்தியோடு ரோஸிடம் ஓடுகிறான். அவள் வெறித்துப் பார்க்கிறாள். உங்களுக்கு நல்லது என்கிறாள். தனக்கு ஒன்றும் இல்லையாம். இரண்டு ஆண்டில் அவள் குணமானாள் என்று கடைசியில் எழுத்தில் காட்டுகிறார்கள். படம் பார்த்த மனம் அந்த எழுத்தை நம்பத் தயங்குகிறது.

அப்படியானால் குற்றவாளி யார்? கொள்ளைக்காரனா? அவன் பறித்தது சில நூறு டாலர். ரோஸின் புத்தியைப் பறித்தது யார்? பெண்களா? அவர்கள் பயந்தவர்கள். போலீசாரா? விதிப்படி நடந்தோம் என்பார்கள். ஜூரரா? சலிப்புத் தட்டியது என்பார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சொட்டுக் குற்றம். ஒரு சொட்டுக்குத் தண்டனை கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அத்தனை சொட்டும் சேர்ந்து ஒரு குடும்பத்தை மூழ்கடித்தது!

இதில் மானியாக நடித்தவர் ஹென்றி ஃபோண்டா. அடுத்த ஆண்டு, 1957இல், சிட்னி லூமெட் எடுத்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்' படத்தில் அவரே ஜூரராக நடித்தார். தகப்பனைக் கத்தியால் குத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஏழைச் சேரிப் பையன். பன்னிரண்டு ஜூரர்களில் பதினொருவர் "குற்றவாளி" என்று கைதூக்குகிறார்கள். ஒருவர் மட்டும் "பேசிப் பார்ப்போமே" என்கிறார். அவன் நிரபராதி என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்பதே அவர் வாதம். ஒவ்வொரு சாட்சியமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். கண்ணால் கண்டதாகச் சொன்ன பெண்ணின் மூக்கில் கண்ணாடி போட்ட தழும்பு இருந்தது. படுக்கையில் கண்ணாடியோடு யார் படுப்பார்கள் என்ற கேள்வி எழுகிறது. கடைசியில் பன்னிரண்டு பேரும் விடுதலை என்கிறார்கள். கொன்றவன் யார்? படம் முடியும்வரை தெரிவதில்லை! பையன் செய்திருக்கவும் கூடும். ஆனால் நிச்சயமில்லாதபோது ஓர் உயிரை எடுக்க எவருக்கும் உரிமையில்லை.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஆளைச் சந்தேகிக்கிறார்கள். இன்னொன்றில் சாட்சியத்தைச் சந்தேகிக்கிறார்கள். முதல் சந்தேகம் மனிதனை அழிக்கிறது. இரண்டாவது சந்தேகம் மனிதனைக் காக்கிறது. நமது இயக்கம் எதையும் கேள்வி கேள் என்று சொல்லிக்கொடுத்த இயக்கம். சாத்திரத்தைக் கேள்வி கேட்டோம். சம்பிரதாயத்தைக் கேள்வி கேட்டோம். நம் கண்ணையும் கோபத்தையும் கேள்வி கேட்கப் பழகினால்தான் அந்தப் பாடம் முழுமை பெறும்.

அமெரிக்காவில் பின்னர் சட்டம் சற்றே விழித்துக்கொண்டது. காவலில் வைத்து விசாரிக்கும் முன், பேசாமலிருக்கும் உரிமையும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும் என்று 1966இல் உச்சநீதிமன்றம் விதித்தது. குற்றச்சாட்டு பதிவானபின் நடக்கும் அடையாள அணிவகுப்பில் வக்கீல் உடனிருக்கும் உரிமையை 1967இல் ஏற்றது. மானிக்கு இவை கிடைக்கவில்லை. அவன் 1998இல் மறைந்தான். 2014இல் ஜாக்ஸன் ஹைட்ஸில் அவன் வாழ்ந்த பகுதித் தெரு ஒன்றுக்கு அவன் பெயரையும் சூட்டினார்கள். பலகை வைத்தார்கள்; பாராட்டுவோம். ரோஸின் உறக்கமற்ற இரவுகளுக்கு எந்தப் பலகை ஈடு?

நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவை ஒவ்வொரு தோழரும் நெட்டுருப் போட்டிருக்க வேண்டும். தடுப்புக் காவல் போன்றவை நீங்கலாக, கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ள விடவேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். "கொஞ்சம் வந்து போ" என்று அழைத்துப் போகும்போது, கிளைத் தோழர் ஒருவர் கூடப் போய் ஸ்டேஷன் வாசலில் நின்றால், அதுவே அந்த ஏழைக்குப் பாதி வக்கீல். கட்சிக் கொடி பறப்பது கூட்டத்தில் கைதட்டுவதற்கு மட்டுமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கசக்கும். போலீசாரைக் குறை சொல்லிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. பட்டறையில் ஒரு கருவி காணாமற்போனால் நம் கண் முதலில் யார்மேல் போகிறது? புதிதாகச் சேர்ந்தவன்மேல். வெளியூர்க்காரன்மேல். கிழிந்த சட்டைக்காரன்மேல். தெருவில் "திருடன்" என்று ஒருவன் கத்தினால், கேட்காமல் விசாரிக்காமல் கை ஓங்குகிறவன் யார்? மாளிகைவாசியா? இல்லை, நம்மவன்தான்! ஏழையின் மானத்தை ஏழையே பறிக்கும் அந்த நேரத்தில், நாம்தான் அந்தக் கம்பிக்குப் பின்னால் நின்று "அவனேதான்!" என்று காதில் சொன்ன பெண்கள். பயம் மெய்யாக இருக்கலாம். பொருள் போனதும் மெய்யாக இருக்கலாம். ஆள் இவன் என்பதற்கு என்ன ஆதாரம்?

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டன்மார் சொல்லிவைத்தார்கள். கண்ணுக்கே முதல் இடம் கொடுத்துப் பொய்ப் பட்டியலில் சேர்த்த அவர்களின் அறிவை என்னென்பது! ஆகவே தோழர்களே, அடுத்தமுறை ஒருவனைச் சுற்றிக் கூட்டம் கூடினால், எல்லாரும் ஒரே விரலை நீட்டினால், அங்கே ஒருவராவது "பொறுங்கள், பேசிப் பார்ப்போம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நம் தோழராக இருக்கட்டும்.